படத்தில் செத்தவன்

திருப்பத்தூரில் எந்த இடத்தில் அழுதார்களோ, மலைமேல் அதே இடத்தில் சிரித்தார்கள். திருப்பத்தூரில் முகம் சுளித்த இடத்தில் மலைமேல் எழுந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இரண்டு இடத்திலும் ஓடியது ஒரே படம்தான். ஆளுக்கு ஆள் ரசனை மாறும் என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போய்விடலாம். சின்னக்குழந்தைக்கு அப்படிப் போக வழியில்லை, ஏனென்றால் அந்தப் படத்தில் தாலி கட்டிக்கொண்டு நின்றது அவள் பெற்ற மகள்.

மகள் பெயர் காவியா. மலைமேல் நெல்லிவாசல்நாட்டில் அவர்கள் ஊரிலிருந்து பன்னிரண்டாவது முடித்து, திருப்பத்தூரில் நர்சிங் படிக்க இடமும் வாங்கிய முதல் பெண் அவள்தான். சாமைக் கொல்லையில் குனிந்த முதுகு நிமிராமல் சின்னக்குழந்தை பாடுபட்டது இந்த ஒன்றுக்காகத்தான். புருஷன் காசி நல்ல மனுஷன். யாருக்கும் கெடுதல் நினைக்கமாட்டான். நாலு பேர் கூடிய இடத்தில் வாயையும் திறக்கமாட்டான். அதனால் வீட்டுக்கான வழக்கு வம்பெல்லாம் சின்னக்குழந்தையின் தலையில்தான் விடியும்.

காவியா பதினொன்றாவது படிக்கும்போது, சென்னையிலிருந்து மோகன் என்ற டைரக்டர் கேமராவோடு வந்து இறங்கினார். கெட்டுப்போகிற பிள்ளைகளைப் பற்றிப் படம் எடுக்கிறாராம். நடிக்கத் தெரிந்தவர்கள் யாரும் வேண்டாமாம், மலைப் பிள்ளைகள்தான் வேண்டுமாம். "எல்லாம் நிஜமா இருக்கணும்மா" என்பது அவர் ஓயாமல் சொன்ன வார்த்தை. கதை இவ்வளவுதான்: நாலு பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடுகிறார்கள். பஞ்சர் ஒட்டுகிற பசையை மோந்து கிறங்கிக் கிடக்கிறார்கள். ஒடுகத்தூரில் பைக் திருடி, பிடிபட்டு, உதைபடுகிறார்கள். அதில் ஒருவன் ஒருத்திக்குக் காளியம்மன் முன்னால் தாலி கட்டுகிறான். கடைசியில் அவன் ஏரியில் பிணமாக மிதக்கிறான். பார்த்துவிட்டு வந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது.

அந்தப் பையனாக நடித்தவன் அருள். புருஷனை இழந்த அம்சவல்லியின் ஒரே மகன். சின்னக்குழந்தைக்கு அண்ணன் மகன் முறை. நல்ல களையான முகம். படத்தில் அவன் மோந்தது வெறும் மாவுப் பசை. படம் முடிந்ததும் மோகன் தோளில் தட்டி, "உன்னைச் சென்னைக்குக் கூப்பிடுறேன்டா" என்று சொல்லிவிட்டுப் போனார். அருள் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். போன் வரவேயில்லை. அப்புறம் அவன் மோந்தது நிஜப் பசை. பிறகு எவனோ ஒரு புரோக்கரோடு ஆந்திரா பக்கம் மரம் வெட்டப் போய், ஒரு காலை இழுத்துக்கொண்டு திரும்பி வந்தான். படத்தில் கெட்டுப்போன பிள்ளையாக நடித்தவன் ஊருக்கு வந்து அதையே வாழ்ந்து காட்டினான், பாவி.

இப்போது தாலி விஷயத்துக்கு வருகிறேன். கோயில் முன்னால் அந்தக் காட்சியை எடுக்க வேண்டும் என்று மோகன் கேட்டபோது, ஊர்க்கவுண்டர் பஞ்சாட்சரம், அம்மனிடம் பூக் கேட்காமல் முடியாது என்று சொல்லிவிட்டார். விதைப்பதானாலும் கல்யாணமானாலும் அந்த ஊரில் பூக் கேட்டுத்தான் செய்வார்கள். அம்மன் கல்லை நனைத்து, ஒரு பக்கம் வெள்ளரளி, ஒரு பக்கம் செவ்வரளி ஒட்டவைத்து, விஷயத்தைச் சொல்லிக் கும்பிடுவார்கள். வெள்ளை முதலில் விழுந்தால் சம்மதம். சிவப்பு விழுந்தால் பேச்சே கிடையாது.

சினிமாவுக்கு உத்தரவு கேட்கப் பஞ்சாட்சரத்திடம் வாசகம் ஏது? அவருக்குத் தெரிந்ததைத்தான் கேட்டார். "ஆத்தா, இந்தப் புள்ளைங்க ரெண்டும் உம்முன்னால தாலி கட்டிக்கப்போவுது. உனுக்குச் சம்மதமா?" என்றார். வெள்ளைப் பூ சட்டென்று விழுந்தது. மோகனுக்குத் தலைகால் புரியவில்லை, அதையும் படம் பிடித்துக்கொண்டார். கடையில் வாங்கிவந்த தாலிக்கயிறு புதுசாகத் தெரிகிறது என்று அவர் குறைப்பட்டபோது, சின்னக்குழந்தைதான் வீட்டுக்குள் போய் நூலை மஞ்சளில் நனைத்து, ஒரு மஞ்சள் கிழங்கைக் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள். எடுத்து முடித்ததும் காவியா கயிற்றைக் கழற்றி மாடத்தில் போட்டுவிட்டுப் படிக்கப் போய்விட்டாள். யாரும் அதைப் பற்றி நினைக்கவில்லை.

படத்தை முதலில் திருப்பத்தூரில் ஒரு கல்லூரியில் போட்டார்கள். சின்னக்குழந்தையையும் காசியையும் முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். அருள் பாறை மறைவில் பசையை மோந்துவிட்டு வானத்தைப் பார்த்துச் சிரிக்கிற இடத்தில் பெண்கள் விம்மி அழுதார்கள். காவியா அறை வாங்குகிற இடத்தில் பின்னால் இருந்த பையன்கள் விசில் அடித்தார்கள். தாலி கட்டுகிற இடத்தில் பலர் முகம் சுளித்தார்கள். கதர்ச் சட்டை போட்ட ஒருவர் எழுந்து, மலை சனங்களின் மானத்தை வாங்கிவிட்டார்கள் என்று கத்தினார். கண்ணாடி போட்ட அம்மா ஒருவர் சின்னக்குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. சின்னக்குழந்தைக்கு இதில் எதுவும் ஏறவில்லை. அந்த அறை நிஜமாக விழுந்ததா என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் மகளின் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் மோகன் நன்றிக்கடன் என்று படத்தை மலைக்கே கொண்டுவந்தார். பள்ளிக்கூட ஹாலில் ஜன்னலையெல்லாம் தார்ப்பாயால் மூடி, மத்தியானத்தில் போட்டார்கள். அருள் பசை மோக்கிற அதே இடம் வந்தது. பின்னால் ஒரு ஆடு யாருடைய வேட்டியையோ மென்றுகொண்டிருந்தது. "அட, நம்ம கவுண்டரு வூட்டு ஆடு!" என்று ஒருத்தி கத்த, ஹாலே குலுங்கிச் சிரித்தது. அருளும் தாயின் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தான். மோகனுக்கு முகம் செத்துப்போயிற்று.

தாலி கட்டுகிற காட்சி வந்ததும் சிரிப்பு நின்றது. திரையில் பூ விழுந்தது. ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். ஆண்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்கள், பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "பூவே குடுத்துட்டாளே ஆத்தா" என்று யாரோ சொன்னது சின்னக்குழந்தையின் காதில் விழுந்தது.

கடைசியில் ஏரியில் அருளின் உடம்பு மிதக்கிறபோது அம்சவல்லி துள்ளி எழுந்தாள். "நிறுத்துங்கடா! எம்புள்ள உசுரோட கீறான்டா!" என்று அலறி, மகனின் தலையைச் சுற்றி நெட்டி முறித்தாள். படம் அதோடு நின்றுவிட்டது. முடிவை அந்த ஊரில் யாரும் முழுசாகப் பார்க்கவில்லை, ஆனால் என்ன முடிவு என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் அம்சவல்லி வெற்றிலை பாக்குத் தட்டோடு சின்னக்குழந்தையின் வாசலில் வந்து நின்றாள்.

"எம்மருமவள இட்டுகினு போவ வந்தேன்" என்றாள்.

சின்னக்குழந்தை விளையாட்டென்று நினைத்துச் சிரித்தாள். "இன்னா அண்ணி, காலங்காத்தால கேலி பண்றே?"

"கேலி இல்ல சின்னக்கொழந்த. ஆத்தா பூக் குடுத்தா, எம்மவன் கட்னான். ஊரே பாத்துச்சு. பொண்ணு எதுக்கு இன்னும் உன் வூட்டுல கீறா?"

"அது சினிமா அண்ணி!"

அம்சவல்லி தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சின்னக்குழந்தையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அவன் அழிஞ்சிகினே போறான். நான் ஒண்டிக்கட்ட, என்னால புடிச்சி நிறுத்த முடியல. ஒரு பொண்ணு வந்தா நிப்பான். காவியா சொன்னா கேப்பான். அவன் பொழைக்கிறதுக்கு வேற வழியே இல்லடி" என்று அழுதாள். அவள் வில்லி இல்லை. மூழ்குகிறவளுக்குக் கையில் கிடைத்தது காவியா, அவ்வளவுதான். ஆனால் மூழ்குகிறவள் பிடித்த பிடியில் பக்கத்தில் நிற்பவளும் சேர்ந்து போய்விடுவாள் அல்லவா? சின்னக்குழந்தை கையை உதறிக்கொண்டாள்.

சின்னக்குழந்தை முதலில் ஓடியது பள்ளிக்கூடத்து ஆனந்தி டீச்சரிடம். "சட்டப்படி இது கல்யாணமே இல்லம்மா. காவியாவுக்குப் பதினெட்டு ஆயிடுச்சு, அவளை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. நான் போலீசுக்குச் சொல்றேன்" என்றார் டீச்சர்.

"சொல்லுங்க டீச்சர். போலீஸ் வந்துட்டுப் பூடும். அப்பால ஊர்ல எங்களுக்குத் தண்ணி யாரு குடுப்பாங்க? எங்க வூட்ல ஒரு சாவு விழுந்தா தூக்க யாரு வருவாங்க?" என்றாள் சின்னக்குழந்தை.

அப்புறம் மோகனுக்குப் போன் போட்டாள். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "அம்மா, இது எவ்ளோ பெரிய கதை தெரியுமா? அடுத்த வாரம் கேமராவோட வந்துடட்டா?" என்றார். சின்னக்குழந்தை தன் வாழ்நாளில் வாயில் வராத வார்த்தை ஒன்றைச் சொல்லிப் போனை வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் கோயில் முன்னால் ஊர் கூடியது. காவியாவை ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை. அவளாகவே முன்னால் வந்து, "அது நடிப்பு கவுண்டரே. டைரக்டர் அழச் சொன்னாரு அழுதேன், கட்டிக்கச் சொன்னாரு கட்டிக்கினேன்" என்றாள்.

பஞ்சாட்சரம் அம்மன் கல்லைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். அவரும் கெட்டவர் இல்லை. அவருடைய கஷ்டம் வேறு. "நீ நடிச்சிருப்ப தாயீ. டைரக்டரும் நடிச்சிருப்பான். ஆத்தா நடிச்சாளா?" என்றார். "நாந்தான் கேட்டேன், அவதான் குடுத்தா. இப்ப அது சும்மா வெளாட்டுன்னு நான் சொன்னா, போன வருசம் வெதைக்கக் கேட்ட பூவு இன்னா? உங்கப்பன் கல்யாணத்துக்கு எங்கப்பாரு கேட்ட பூவு இன்னா? எல்லாமே வெளாட்டா?"

காசி தலையைக் குனிந்துகொண்டான்.

"ஒத்துவரலேன்னா தீர்த்து உடற வழக்கம் நமக்கு உண்டே கவுண்டரே?" என்று சின்னக்குழந்தை கேட்டாள்.

"மனுசன் பேசிக் கட்னத மனுசன் தீர்க்கலாம். பூவு வாங்கிக் கட்னத யாரும் தீர்க்க முடியாது. பிரிக்கணும்னா சாவுதான் வந்து பிரிக்கணும்" என்றார் பஞ்சாட்சரம்.

மகள் புதுசாகத் தைத்து வாங்கிய வெள்ளைக் கோட்டு வீட்டில் ஆணியில் தொங்குகிறது. கல்லூரி திறக்க நாள் நெருங்கிவிட்டது. இங்கே ஒரு பூவுக்காகப் பெண்ணைப் பசை மோக்கிறவனுக்குக் கட்டிவைத்துவிட்டு, இன்னொரு அம்சவல்லியாக அவள் அலைவதைப் பார்க்க வேண்டுமா? அந்த நினைப்பிலேயே சின்னக்குழந்தைக்கு ஆவேசம் வந்தது. என்ன பேசுகிறோம் என்று யோசிக்காமல் நடுக்கூட்டத்தில் போய் நின்றாள்.

"படத்துல தாலி கட்னது நெசம்னா, படத்துல அவன் செத்ததும் நெசந்தானே? ஊரே பாத்துச்சே, ஏரில மெதந்தானே! தாலிய மட்டும் எடுத்துக்குவீங்க, சாவ உட்டுடுவீங்களா? செத்தவனுக்கு எம்பொண்ணு எப்படிப் பொண்டாட்டியாவா? அவனத் தல முழுவுங்க!" என்று கத்தினாள்.

அந்த வார்த்தை எவ்வளவு பெரியது என்று சொன்னவளுக்கே அப்போதுதான் உறைத்தது. ஓடிப்போன பிள்ளையை, ஊரைக் கெடுத்த பிள்ளையை, பெற்றவர்களே செத்தவனாக எண்ணி ஓடையில் குளித்துக் காரியம் செய்துவிடுவதுதான் தலை முழுகுவது. அதற்கப்புறம் அவன் பெயரைச் சொல்லக்கூடாது. சோறோ தண்ணீரோ கொடுக்கக்கூடாது. எதிரே வந்தாலும் பார்க்கக்கூடாது. பேசினால் அவன் உயிரோடிருக்கிறான் என்று ஆகிவிடும்.

அம்சவல்லி பஞ்சாட்சரத்தின் காலில் விழுந்தாள். "எனக்கு மருமவளே வேணாம். நான் கேக்கல. கேட்டதே தப்பு. அந்தப் பொண்ணு எங்கனா போய்ப் படிக்கட்டும், எம்புள்ளய உட்ருங்க" என்று மண்ணில் புரண்டாள்.

"நீ உட்டா போதுமா அம்சவல்லி? பூவு உடலியே" என்றார் அவர். அவர் கண்ணிலும் தண்ணீர் நின்றது. ஒரு வழியை ஊர் தேடிக்கொண்டிருந்தது, அந்த வழியைச் சின்னக்குழந்தை காட்டிவிட்டாள். ஆத்தாள் வாக்கும் பொய்யாகாது, பெண்ணும் தப்பிக்கும். பையன் ஏற்கெனவே பாதி போனவன்தானே என்று நினைக்காதவர்கள் அங்கே குறைவு. சின்னக்குழந்தை அப்போது ஒரு வார்த்தை, வேண்டாம், விட்டுவிடலாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் தாலி மகளின் கழுத்துக்குத் திரும்பி வரும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அருள் ஓரமாகக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். இத்தனை நேரம் யாரைப் பற்றியோ பேசுகிறார்கள் என்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தவன், கல்லைப் பிடித்து எழுந்தான்.

"செய்ங்க கவுண்டரே. ஒருதரம் செத்துப் பாத்தவந்தானே நானு. நல்லாத்தான் செத்தேன்னு டைரக்டரே சொன்னாரு" என்றான். காவியாவைப் பார்த்தான். "நீ போய்ப் படி" என்று சொல்லிவிட்டு, தாயின் பக்கம் திரும்பாமல் போய்விட்டான்.

மறுநாள் காலையில் ஓடையில் தலை முழுகினார்கள். வைக்கோலில் ஒரு உருவம் செய்து, அவன் சட்டையைப் போட்டு எரித்தார்கள். அம்சவல்லி மார்பில் அடித்துக்கொண்டு அழுத அழுகையில் மலையே கரைந்துவிடும் போலிருந்தது. அங்கே கேமரா இல்லை, நிஜமாக இருக்கவேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவும் இல்லை. காவியாவை ஓடையில் உட்காரவைத்து வளையலை உடைத்து, தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். அவள் அழவில்லை. நனைந்த தலையோடு தாயின் காதருகே, "அவன் அந்தப் பாறை மேல குந்திகினு பாத்துகினு கீறாம்மா" என்றாள். சின்னக்குழந்தை அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஓடையில் இருந்த ஒருவரும் திரும்பவில்லை.

காவியாவைக் கல்லூரியில் சேர்க்கும் நாள் வந்தது. டிரங்குப் பெட்டியும் பாயுமாகத் தாயும் மகளும் பஸ்சுக்கு வந்து நின்றார்கள். காசி கொல்லை வேலை என்று சொல்லி வராமல் தப்பித்துக்கொண்டான். புளி மூட்டையோடு நாலைந்து பெண்கள் நின்றார்கள். பஞ்சாட்சரமும் பேங்கு வேலையாகத் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு நின்றார். சற்றுத் தள்ளி, புங்கமரத்தின் அடியில், அருள் உட்கார்ந்திருந்தான். இந்த நாட்களெல்லாம் என்ன தின்றானோ, எங்கே படுத்தானோ தெரியாது. உதடு வெடித்து, கண் உள்ளே போயிருந்தது. பெண்கள் அவன் தலைக்கு மேலே மலையைப் பார்த்துக்கொண்டு பேசினார்கள்.

அவன் மெதுவாக எழுந்து, காலை இழுத்துக்கொண்டு சின்னக்குழந்தையின் பக்கத்தில் வந்தான்.

"அத்தே, ஒரு வாய் தண்ணி" என்றான்.

சின்ன வயசில் பசித்தால் அவள் வீட்டு அடுப்படிக்கே வந்து உட்காருகிற பையன். அவள் கையால் எத்தனையோ நாள் களி உருண்டை வாங்கித் தின்றவன். பஞ்சாட்சரம் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஒரு வாய்த் தண்ணீரில் அவன் பிழைத்துவிடுவான். அவன் பிழைத்தால் தாலியும் பிழைத்துவிடும். அவள் பெட்டியின் பூட்டை இழுத்துப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டாள்.

காவியா பையிலிருந்து பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினாள். சின்னக்குழந்தை அவள் மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள். நகம் பதிகிற மாதிரி பிடித்தாள். காவியா இழுத்தாள்; தாய் விடவில்லை. தண்ணீர் சிந்தி இருவர் காலையும் நனைத்தது. பஸ் வந்து நிற்கும்வரை அந்தப் பிடி தளரவில்லை.

எல்லாரும் ஏறினார்கள். அருளும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசியாக ஏறினான். கண்டக்டர் மலைக்குக் கீழே இருக்கிற ஊர்க்காரர், புதிசாக இந்த வழியில் வருகிறவர். அருளுக்கு நிற்க முடியவில்லை என்று பார்த்ததும் தெரிந்துகொண்டார். சின்னக்குழந்தையின் பக்கத்தில் பெட்டி வைத்திருந்த இடத்தைக் காட்டி, "யம்மா, அந்தப் பொட்டியக் கீழ எறக்கி வைம்மா. பாவம், புள்ளைக்கு நிக்க முடியல. உங்க ஊருப் பையந்தான?" என்றார்.

காவியா தாயின் முகத்தையே பார்த்தாள். சின்னக்குழந்தை பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு, கண்டக்டரை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்.

"எந்தப் பையன்? எங்க ஊர்ல இருந்து நாங்க மட்டுந்தாங்க ஏறனோம்."